பசையும் பூச்சும்

தலவாக்கலையிலிருந்து லிந்துலை வழியாக மேலேறிச் செல்லும் பாதையில் அக்கரப்பத்தனை அமைந்துளது. ஹோல்புறூக், டயகம முதலிய தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த சிறு கடைவீதி அஃது. அப்பகுதியின் நீரையெல்லாம் திரட்டிக்கொண்டு ஓடும் ஆக்ரா ஓயா, கொத்மலை ஓயாவிற் கலந்து மகாவலியைச் சேர்கின்றது. மழையும் மூடுபனியும் எளிதில் விட்டகலாத அவ்விடத்தில், தோட்டத்துக் குடும்பமொன்று தவணைப் பணத்தில் வாங்கிய வாடகைக் கார் கடை வாசலில் நிற்கின்றதென வைத்துக்கொள்வோம். திருவிழாச் சுவரொட்டி ஒட்ட வந்தவருடைய வாளி சரிந்து கோதுமைமாப் பசை காரின் கதவில் வழிகின்றது. அல்லது, கழன்றுபோன பக்கக் கண்ணாடியை ஒட்டவைக்கும் முயற்சியில், சிறு குழாயிலிருந்து கடும்பசை ஒரு துளி சிந்திப் பளபளப்பான மேனியில் உறைந்துவிடுகின்றது.

உரியவர் முதலில் நாடுவது பேனாக்கத்தியை. பசை பெயர்கின்றது, கூடவே வண்ணமும் பெயர்கின்றது. மற்றொருவர் பக்கத்துக் கராஜிலிருந்து தின்னர் வாங்கி வந்து துணியில் நனைத்துத் துடைக்கின்றார். பசை கரைகின்றது; ஆனால் துணியில் காரின் நிறமும் ஏறியிருக்கின்றது. வெளிறிய வட்டமொன்று கதவில் நிலைத்துவிடுகின்றது. இரும்பு வெளிப்பட்ட இடமாயின், அந்த மலைநாட்டு ஈரத்தில் கறல் பிடிக்க நெடுநாள் செல்லாது. ஒரு கையளவு இடத்துக்காகக் கதவு முழுவதையும் மீளப் பூச வேண்டிய செலவு வந்து வாய்க்கும். மாதந்தோறும் தவணை கட்டும் குடும்பத்துக்கு அஃது அற்பமன்று.

பசையை மட்டும் போக்கிப் பூச்சை மட்டும் விட்டுவைப்பது ஏன் இத்துணைக் கடினமாயிற்று? இவ்வினாவுக்கு விடை பசை, பூச்சு ஆகிய இரண்டின் சரித்திரத்திலேயே அடங்கியிருக்கின்றது. அவை இரண்டும் அயலார் அல்ல. ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்றே சொல்லலாம்.

அரக்கை எடுத்துக்கொள்வோம். மரக்கிளைகளில் வாழும் ஒருவகைச் சிறு பூச்சி சுரக்கும் பிசின் அது. பாரதக் கதையில் பாண்டவரை எரிக்கச் சமைத்த மாளிகை அரக்கினால் ஆனது என்பதைப் பாலரும் அறிவர். அவ்வரக்கு கைவினைஞனுக்கு இரு தொழில் செய்தது. வாளின் கைப்பிடியை அலகோடு இறுக்கப் பற்றவைப்பதும் அதுவே. மரத்தண்டுக்குச் சிவப்பும் மஞ்சளுமாக மினுக்கம் ஏற்றுவதும் அதுவே. மாத்தளைப் பகுதியைச் சேர்ந்த ஹப்புவித என்னும் ஊரில், சூடேற்றிய அரக்கை நூலிழைபோல் இழுத்து, நகத்தால் நறுக்கி மரத்திற் பதிக்கும் கலை வாழையடி வாழையாக வந்தது. 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிப்பொருளாய்வுத் துறைக்குத் தலைமை வகித்த ஆனந்த குமாரசுவாமி, 1908 ஆம் ஆண்டில் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலில் இவ்வரக்கு வேலையையும் பதிவு செய்துள்ளார். கல்லையும் கனியையும் ஆராய வந்தவர் கைவினைஞனின் திண்ணையில் அமர்ந்து குறிப்பெழுதியது நாட்டின் நற்பேறு.

அரக்கு சாராயச் சத்தாகிய மதுசாரத்தில் கரையும். மதுசாரம் ஆவியானதும் மீண்டும் இறுகும். மறுபடியும் மதுசாரம் பட்டால், நூறாண்டு கழிந்த மேசையாயினும் அதன் அரக்குமினுக்கம் இளகும். கரைந்து வந்தது கரைந்தே போகும் என்னும் இக்குணத்தை மனத்திற் கொள்க. பின்னர் மோட்டார் வண்டியின் மேனியிலும் இதனைக் காண்போம்.

தச்சருக்கு உரிய பசை வேறு. விலங்கின் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கும் அதனை வச்சிரம் என்பர். வெந்நீரில் இளகி, குளிர்ந்தவுடன் பற்றி, உலர உலரச் சுருங்குவது அதன் இயல்பு. அச்சுருக்கத்தின் வலிமை வியக்கத்தக்கது. கண்ணாடியின் மேல் வச்சிரத்தைத் தடித்துப் பூசி உலர விட்டால், அது சுருங்கும் வேகத்தில் கண்ணாடியின் மேற்பரப்பையே சிம்பு சிம்பாகப் பெயர்த்துவிடும். மேலைநாட்டார் இதனையே ஓர் அலங்கார முறையாக்கிப் பனிப்பூப் போன்ற கோலமுடைய கண்ணாடிகளைச் செய்தனர். கண்ணாடிக்கே இக்கதியாயின் வண்ணப்பூச்சு எம்மாத்திரம்? மாப்பசையும் ஓரளவுக்கு இவ்வியல்பினதே. ஆகவே, ‘தானாகக் காய்ந்து உதிரட்டும்’ என்று விட்டுவிடுவது தவறு. காயும்போது அது சும்மா இருப்பதில்லை. தன் கீழுள்ள பூச்சைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கின்றது.

தேயிலைத் தோட்டத்துக்கும் பசைக்கும் பழைய உறவொன்று உண்டு. தேயிலை கப்பலேறிய பெட்டிகள் மென்பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிய ஒட்டுப்பலகையால் ஆனவை. அவற்றைப் பிறநாடுகளிலிருந்து வரவழைத்துவந்த இலங்கை, இரண்டாம் உலகப் போரின் காலத்தில் கப்பற் போக்குவரவு தடைப்படவே, காலிக்கு அணித்தாகிய கிந்தோட்டையில் ஒட்டுப்பலகைத் தொழிற்சாலையைத் தொடங்கியது. தேயிலை அயல் மணத்தை எளிதில் ஏற்றுக்கொள்ளும் பண்டம். பசையின் நாற்றம் இலையிற் பற்றினால் கொழும்பு ஏலத்தில் அதன் மதிப்புக் குறையும். இதனாலன்றோ பெட்டியின் உட்புறத்தில் உலோகத்தாள் விரிக்கப்பட்டது! பின்னாளில் கடதாசிச் சாக்குகள் வந்து மரப்பெட்டிகளின் இடத்தைப் பிடித்துக்கொண்டன. ஆயினும், மண்ணெண்ணெயாலோ தின்னராலோ துடைக்கப்பட்ட லொறியில், மணம் நீங்குமுன்னர் தேயிலை ஏற்றலாகாது என்னும் விதி மாறவில்லை.

இனி, வண்டிப் பூச்சின் வரலாற்றுக்கு வருவோம்.

மோட்டார் வண்டி தோன்றியபோது அதற்கெனத் தனிப் பூச்சு ஏதும் இருக்கவில்லை. குதிரை வண்டிக்குப் பூசிய எண்ணெய் வண்ணத்தையும் வார்னிசையுமே இதற்கும் பூசினர். ஆளி விதை எண்ணெயும் மரப்பிசினும் கலந்த அவ்வார்னிசு காற்றிலுள்ள ஒட்சிசனை மெல்ல மெல்ல உட்கொண்டே இறுகும். ஒரு படை பூசுவது, உலர விடுவது, தேய்ப்பது, மறுபடை பூசுவது என வாரக்கணக்கில் வேலை நீளும். தொழிற்சாலைகளில் வண்டிகள் நாள்தோறும் நூற்றுக்கணக்கில் உருவாகத் தொடங்கியபோது, உலரக் காத்திருக்கும் வண்டிகளை நிறுத்தவே பெருங் கட்டடங்கள் வேண்டியிருந்தன. ஹென்றி ஃபோர்ட் 1914 முதல் 1925 வரை தமது ‘ரி’ மாதிரி வண்டியைக் கறுப்பு நிறத்தில் மட்டுமே செய்தார். மலிவும் உறுதியும் உடைய கறுப்புப் பூச்சு, சூளையில் விரைவாக இறுகுவதாயிருந்தமை அதன் காரணங்களுள் ஒன்று. சிக்கனம் வண்ணத்தை விழுங்கிவிட்டது.

விடுதலை எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. பருத்திப் பஞ்சை நைத்திரிக்கமிலத்தால் பக்குவம் செய்தால் வெடிபஞ்சு பிறக்கும். முதலாம் உலகப் போரில் பீரங்கிகளுக்கு இரையாக மலைமலையாக அது செய்யப்பட்டது. போர் முடிந்தது, பஞ்சுக்கு வேலையில்லை. அமெரிக்காவின் நியூஜேர்சி மாநிலத்தில், பார்லின் என்னும் இடத்திலிருந்த தூப்பொன் நிறுவன ஆய்வுகூடத்தில் 1920 ஆம் ஆண்டுக் கோடையில், அத்தகைய பஞ்சுக் கரைசல் நிரம்பிய பீப்பாய் ஒன்று வெப்பத்தில் சில நாள் கவனிப்பாரற்றுக் கிடந்தது. திறந்து பார்த்தபோது, கூழ்போலிருந்த கரைசல் பாகுபோல் இளகியிருந்தது. நீர்த்துப்போகாமலே தெளிக்கத்தக்க பதம் கிடைத்துவிட்டது! அதிலிருந்து பிறந்த ‘டூகோ’ என்னும் பூச்சு 1923 இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஓக்லாந்து வண்டிகளில் நீல நிறமாக உலகுக்கு அறிமுகமாயிற்று. வாரக்கணக்கான காத்திருப்பு மணிக்கணக்காகக் குறுகியது. இந்தியாவில் ‘டூகோ’ என்பது ஒரு நிறுவனம் தன் பூச்சுக்கு இட்ட வணிகப்பெயர் என்பதே மறந்து, தெளித்துப் பூசும் வேலைக்கெல்லாம் பொதுப்பெயராக வழங்கலாயிற்று.

டூகோ விரைந்து உலர்ந்ததன் இரகசியம் அரக்கின் இரகசியமே. அது காற்றை உண்டு மாறுவதில்லை. கரைப்பான் ஆவியாகிப் போக, கரைந்திருந்த பொருள் அப்படியே எஞ்சி நிற்கின்றது. ஆகவே, மறுபடியும் அக்கரைப்பான் பட்டால் மறுபடியும் கரைகின்றது. அந்நிறுவனத்தாரே அதே வெடிபஞ்சுக் குடும்பத்துப் பொருளிலிருந்து வீட்டுப் பசையொன்றையும் செய்து, டூகோப் பசை என அதே பெயரில் விற்றனர். டப்பாவில் இருந்தால் பூச்சு, குழாயில் இருந்தால் பசை! அப்பசை அப்பூச்சின்மேல் சிந்தினால், ஒன்றைக் கரைத்து மற்றொன்றை விட்டுவைக்கும் தின்னர் எங்கே கிடைக்கும்? கராஜில் தின்னரால் துடைத்தவருக்கு நேர்ந்த இழப்பின் மூலகாரணம் இங்கேதான் இருக்கின்றது.

டூகோவின் வருகை புதியதொரு நாகரிகத்துக்கும் வழி திறந்தது. வண்டியின் மேற்பாதி ஒரு நிறம், கீழ்ப்பாதி மற்றொரு நிறம் என இரு வண்ணங்கள் தீட்டும் மோகம் 1920களில் அமெரிக்காவிற் பரவியது. பார்ப்பவருக்கு இன்பம், பூசுபவருக்குத் துன்பம். இரண்டாம் நிறத்தைத் தெளிக்கும்போது முதல் நிறத்தை மறைக்க வேண்டுமன்றோ? பழைய செய்தித்தாள்களையும் தடித்த கடதாசிகளையும் பசை தடவி ஒட்டினர். சிலர் காயங்களுக்கு இடும் ஒட்டுநாடாவையும் கையாண்டனர். வேலை முடிந்ததும் அவற்றை உரித்தெடுத்தால், பாடுபட்டுப் பூசிய முதல் நிறமும் பட்டை பட்டையாக உரிந்து வந்தது. பசையைக் கரைத்துப் பார்த்தோரும் இருந்தனர். கரைப்பான் பூச்சையும் தின்றது. அக்கரப்பத்தனைக் கார்க்காரரின் அல்லலும் அந்த அமெரிக்கப் பூச்சுக்காரரின் அல்லலும் ஒன்றே.

1923 இல் மினசோட்டா மாநிலத்துச் செயின்ற் போல் நகரிலிருந்த பூச்சுப் பட்டறை ஒன்றுக்கு, அரத்தாள் நிறுவனம் ஒன்றின் இளம் ஊழியர் சென்றார். ரிச்சர்ட் ட்றூ என்பது அவர் பெயர். பல்கலைக்கழகத்தில் பொறியியல் கற்கத் தொடங்கி இடையில் விட்டவர். பாஞ்சோ என்னும் நரம்பிசைக் கருவியை வாசித்துக் கூலி பெற்றவர். இன்று ‘மூன்று எம்’ எனப்படும் அந்நிறுவனத்தில் பிரான்சிஸ் ஓக்கி என்பவர் 1921 இல் நீரில் நனைத்துத் தேய்க்கத்தக்க அரத்தாளைக் கண்டுபிடித்திருந்தார். உலர்ந்த அரத்தாளால் தேய்க்குங்கால் எழும் தூசி, அக்காலப் பூச்சுகளில் ஈயம் கலந்திருந்தமையால், தொழிலாளரின் நுரையீரலுக்கு நஞ்சாயிற்று. நனைத்துத் தேய்த்தால் தூசி எழாது. பட்டறைத் தொழிலாளியின் உயிரைக் காக்கும் அவ்வரத்தாளின் மாதிரிகளைக் கொடுத்துச் சோதிக்கவே ட்றூ அங்கு சென்றார்.

அவர் நுழைந்த வேளையில், கடதாசியை உரித்த பூச்சுக்காரர் ஒருவர் வண்ணமும் சேர்ந்து உரிந்ததைக் கண்டு வாய்க்கு வந்தபடி வைதுகொண்டிருந்தாராம். பிறர் கேட்டுச் சிரித்திருப்பர், ட்றூ சிந்தித்தார். இத்தொல்லைக்குத் தாம் தீர்வு காண்பதாக அங்கேயே வாக்களித்துவிட்டார். அவருக்கு அப்போது வயது இருபத்துநான்கு. பசையைப் பற்றி அவர் அறிந்திருந்தது சொற்பம். இளமைக்குரிய துணிச்சல் என்றே இதனைச் சொல்ல வேண்டும்.

வாக்களித்தல் எளிது, நிறைவேற்ற ஈராண்டு சென்றது. தாவர எண்ணெய்களையும் பல்வகைப் பிசின்களையும் கலந்து பார்த்தார். அரத்தாள் நிறுவனத்துக்கு இவ்வேலை எதற்கு என்று மேலதிகாரி வில்லியம் மக்னைட் அவரை அரத்தாள் வேலைக்கே திரும்பப் பணித்ததும் உண்டு. ட்றூ தலையசைத்தார், ஆனால் பசையைக் கைவிடவில்லை. அதனைப் பின்னர் அறிந்த மக்னைட்டும் அவரைத் தடுக்காது விட்டார். ஊழியரின் பிடிவாதத்தைப் பொறுத்துக்கொள்வதும் தலைமைக்கு ஓர் இலக்கணம் என்பதை அவர் பின்னாளில் தம் நிறுவனத்தின் நெறியாகவே கொண்டார். ஈற்றில் தச்சரின் வச்சிரத்தோடு கிளிசரினைக் கலந்தபோது, உலர்ந்து கெட்டியாகாமல் என்றும் பிசுபிசுப்பாகவே இருக்கும் பசை கிடைத்தது. வளைவுகளிலும் பொருந்துமாறு சுருக்கம் விழுந்த கடதாசியில் அதனைத் தடவினார். 1925 இல் மறைப்புநாடா பிறந்தது.

அதன் நுட்பத்தை ஒரு கணம் கருதிப் பார்க்க வேண்டும். அதுவரை பசை செய்தோர் அனைவரும் விடாமற் பற்றும் பசையையே தேடினர். ட்றூ தேடியதோ பற்றவும் வேண்டும், கேட்டபோது விடவும் வேண்டும் என்னும் பசையை. பூச்சு இரும்பைப் பற்றியிருக்கும் வலிமையை விட, நாடா பூச்சைப் பற்றும் வலிமை குறைவாயிருக்க வேண்டும்; தெளிக்கும் வண்ணம் அடியிற் புகாத அளவுக்கு அது போதுமாயும் இருக்க வேண்டும். உலராத பசையாதலின் வச்சிரத்தைப்போல் சுருங்கி இழுப்பதும் இல்லை. முதலிற் செய்த நாடாவில் ஓரங்களில் மட்டும் பசை தடவியிருந்ததாகவும், அது தெளிக்கும்போதே கழன்று விழுந்ததாகவும், பூச்சுக்காரர் சினந்து, பசையிலும் கஞ்சத்தனமா என்று ஸ்கொத்லாந்தியரின் சிக்கனத்தைச் சுட்டி ஏசியதாகவும் ஒரு கதை வழங்குகின்றது. ‘ஸ்கொச்’ என்ற பெயர் அவ்வேச்சிலிருந்தே நாடாவுக்கு நிலைத்ததென்பர். ஐந்தாண்டு கழித்து, 1930 இல், அதே ட்றூ கண்ணாடிபோன்ற மெல்லிய செலொபேன் தாளில் பசை தடவிய நாடாவையும் உண்டாக்கினார். இன்று பள்ளிப் பிள்ளைகள் கிழிந்த புத்தகத்தை ஒட்டும் நாடாவின் மூதாதை அதுவே.

இலங்கையின் நிலை சற்றுத் தனித்தன்மை வாய்ந்தது. 1948 இல் பிரித்தானியாவில் அறிமுகமான மொரிஸ் மைனர், ஒஸ்ரின் வகைகள் முதலியவை இந்நாட்டு வீதிகளில் மலிந்திருந்தன. மலைநாட்டில் அவை துரைமாரையும் வைத்தியரையும் சுமந்தன. கொழுந்து பறித்தவர் நடந்தே சென்றனர். 1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் வண்டி இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரை, இருந்த வண்டியையே பழுதுபார்த்து ஓட்டினர். ஒரே வண்டியின் மேனியில் தொழிற்சாலைப் பூச்சு ஒன்று, அதன்மேல் கராஜில் தெளித்த பூச்சு ஒன்று, அதன்மேல் மற்றொன்று எனப் படைகள் ஏறின. அத்தகைய வண்டியில் பசை சிந்தினால், அடியில் எவ்வகைப் பூச்சு இருக்கின்றதென்று கண்ணாற் பார்த்துச் சொல்ல இயலாது.

அதனை அறியும் வழி எளியது. பெட்டி மூடியின் உட்புறம்போன்ற மறைவிடத்தில், வெண்துணி நுனியில் ஒரு சொட்டுத் தின்னர் தொட்டு மெல்லத் தேய்க்க வேண்டும். நிறம் துணியில் தாராளமாக ஏறினால் அது டூகோ குலத்துப் பூச்சு. அதற்குத் தின்னரும் அசற்றோனும் எமன். நிறம் ஏறாமல் மேற்பரப்பு சுருங்கிப் புடைத்தால், காற்றில் இறுகும் எனாமல் எனக் கொள்ளலாம். அதற்கும் அவை ஆகா. 1980கள் முதல் பெருகிய வண்டிகளில், நிறத்தின் மேல் தெளிந்த பூச்சொன்று தனியாகப் போர்த்தப்பட்டிருக்கும். அது மூலக்கூறுகள் ஒன்றோடொன்று வலைபோற் பிணைந்து இறுகியது, எளிதிற் கரையாது. ஆயினும் அசற்றோன் நெடுநேரம் நின்றால் அதன் மினுக்கமும் மங்கும். மேலே தேய்த்த துணியில் நிறம் வரவில்லை என்பதனால் எல்லாம் நலம் என்று கருதிவிடலாகாது.

அண்மைக்காலத்துக் கடும்பசையின் கதையும் ஒரு விபத்தின் கதையே. சயனோவக்கிரிலேற்று என்னும் அப்பொருளை ஹரி கூவர் என்ற அமெரிக்க இரசாயனவியலாளர் 1942 இல், துப்பாக்கிக் குறிகாட்டிக்கு ஏற்ற தெளிந்த பிளாஸ்டிக்கைத் தேடும்போது எதிர்ப்பட்டார். தொட்டதையெல்லாம் ஒட்டியதால் தொல்லை என ஒதுக்கிவிட்டார். 1951 இல் அவருடைய குழுவைச் சேர்ந்த பிரெட் ஜொய்னர், ஒளிமுறிவை அளக்கும் விலையுயர்ந்த கருவியின் இரு அரியங்களிடையே அதனை வைத்து அளந்தார்; அரியங்கள் பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொண்டன. கருவி போயிற்றே என ஜொய்னர் கலங்க, பசை கிடைத்ததே எனக் கூவர் மகிழ்ந்தார். 1958 இல் அது கடைக்கு வந்தது. ஒன்பதாண்டு முன்பு பகையென விலக்கியதே பின்னர் செல்வமாயிற்று.

இப்பசை உலர்வதால் இறுகுவதன்று. பொருள்களின் மேற்பரப்பிலும் காற்றிலும் உள்ள நீர்ப்பசையே அதனை இறுகச் செய்கின்றது. அக்கரப்பத்தனையின் மூடுபனியில் அது விரைந்து இறுகுவதில் வியப்பில்லை. வறண்ட ஊரில் துடைத்தெடுக்கக் கிடைக்கும் அவகாசம் இங்கே கிடைப்பதில்லை. ஈரத்துணியால் துடைக்கலாம் என்று எண்ணுவோர் அதனை மேலும் விரைவுபடுத்துகின்றனர்.

ஆகவே, சிந்தியது எது என்று முதலில் அறிதல் வேண்டும். மாப்பசையும் வச்சிரமும் பள்ளிக்கூடங்களிற் பயன்படும் வெள்ளைப் பசையும் நீர்ச்சாதியைச் சேர்ந்தவை. வெதுவெதுப்பான நீரில் சவர்க்காரம் சிறிது கலந்து, பழைய பருத்தித் துணியை நனைத்து அவற்றின்மேல் போர்த்திவிட்டு, கால்மணி நேரம் பொறுத்தால் அவை தாமே ஊறி வழியும். கொதிநீர் ஊற்றலாகாது; குளிர்ந்த இரும்பின்மேல் திடீர்ச் சூடு பட்டால் பழம்பூச்சு வெடிக்கக்கூடும். ஊறிய பின்னும் எஞ்சுவதைக் கைவிரலால் தள்ள வேண்டுமேயன்றி நகத்தால் கீறலாகாது.

நாடாவின் பிசுபிசுப்பும், சைக்கிள் குழாய்க்கு ஒட்டுப்போடும் இறப்பர்ப் பசையும், பலாப்பாலும் எண்ணெய்ச்சாதி. சார்ல்ஸ் மக்கின்ரொஷ் 1823 இல் மழையங்கி செய்வதற்காக இறப்பரை நிலக்கரி எண்ணெயிற் கரைத்த நாள்முதல் இவ்வுறவு அறியப்பட்டுளது. 1876 இல் கம்பகா அருகே ஹெனரத்கொடைப் பூங்காவில் நடப்பட்ட இறப்பர்க் கன்றுகளிலிருந்து பெருகிய தோட்டங்கள் தாழ்நிலத்துக்கு உரியவை. குளிர்ந்த மலையுச்சியில் அம்மரம் பயன்தராது. ஆனால் பலாப்பழம் அரிவதற்கு முன் கத்தியிலும் கையிலும் தேங்காயெண்ணெய் தடவும் வழக்கத்தை அறியாத வீடு இலங்கையில் எங்கும் இல்லை. அவ்வழக்கமே இங்கும் துணை. தேங்காயெண்ணெயைப் பசைமேல் தடவி ஊறவிட்டால், அது பசையை இளக்குமே தவிர எந்தப் பூச்சையும் தீண்டாது. ஒரு சங்கடம் உண்டு. தேங்காயெண்ணெய் ஏறத்தாழ 24 பாகைக்குக் கீழ் உறைந்துவிடும். அக்கரப்பத்தனைக் காலைக் குளிரில் போத்தலைக் கவிழ்த்தாலும் ஒரு துளி விழாது. போத்தலை வெந்நீரில் நிறுத்தி உருக்கிக்கொள்ள வேண்டும். லயத்து வீடுகளில் விளக்குக்கென வைத்திருந்த மண்ணெண்ணெயும் இதற்குப் பயன்படும். எண்ணெயினும் விரைந்து வேலை செய்யும். ஆனால் டூகோப் பூச்சில் அதனை நெடுநேரம் ஊறவிடாமல், துடைத்தவுடன் சவர்க்கார நீரால் கழுவிவிடுவதே தக்கது. பெற்றோலை நாடுவோர் தீயை நாடுகின்றனர். அதனை முற்றாக விலக்குக.

கடும்பசைத் துளிக்கு அசற்றோனே மருந்து. நகப்பூச்சைப் போக்க விற்கும் சில திரவங்களில் அது உளது. ஆனால் மேற்கூறிய சோதனையில் நிறம் துணியில் ஏறாமலும் மேற்பரப்புச் சுருங்காமலும் தேறிய புதுவகைப் பூச்சுக்கு மட்டுமே அஃது ஏற்றது. அங்கும் பஞ்சு சுற்றிய குச்சியால் துளியின் நடுவில் மட்டும் தொட்டு, சில நொடியில் துடைத்து, மறுபடியும் தொட்டு, சிறிது சிறிதாக இளக்க வேண்டும். பழம்பூச்சாயின் அசற்றோனை மறந்துவிட்டு, தேங்காயெண்ணெயைத் தடவி, பழைய பிளாஸ்டிக் அட்டையின் விளிம்பால் துளியின் ஓரத்தைப் பல நாள் மெல்ல மெல்லத் தூக்கிப் பார்ப்பதே வழி. இரு குழாய்களிலிருந்து கலந்து ஒட்டும் எப்பொட்சிப் பசை இறுகிப்போயிருந்தால், அதனைக் கரைக்க முயல்வோர் பூச்சையே கரைப்பர். அங்கே ஓக்கியின் அரத்தாளே கைகொடுக்கும். மிக நுண்ணிய, 2000 எண்ணுக்குக் குறையாத வகையைச் சவர்க்கார நீரில் நனைத்து, சுற்றிலுமுள்ள மேனியை ட்றூவின் நாடாவால் மறைத்து, பசையின் முடியை மட்டும் தேய்த்துத் தாழ்த்த வேண்டும். ஒருவர் நுரையீரலைக் காக்கச் செய்ததும், மற்றவர் வண்ணத்தைக் காக்கச் செய்ததும், நூறாண்டின் பின் ஒரே கதவில் அருகருகே வேலை செய்கின்றன.

பசை போன பின் அவ்விடம் மங்கியிருக்கும். பூச்சு போயிற்றென்று அஞ்சவேண்டியதில்லை. பெரும்பாலும் போனது மெழுகுதான். மெருகுக் களிம்பை மென்துணியில் எடுத்து, அழுத்தாமல் வட்டமாகத் தேய்த்து, பின்னர் மெழுகு பூசிவிட வேண்டும். மூடுபனியில் நின்று பார்த்தால் எல்லாக் கதவும் ஒளிர்வதாகவே தோன்றும். வெயில் வந்ததும் வண்டியைக் கடைவீதி வளைவில் நிறுத்தி, கதவின் நேர்முன்னே நில்லாமல் பக்கவாட்டிலிருந்து நோக்கினால், வட்டம் எஞ்சியிருக்கின்றதா இல்லையா என்பது தெரிந்துவிடும்.